பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலையேறும்போது கொதிக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குன்னூரில் நாங்கள் கழற்றி மாட்டும் பழைய கார்களில் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்றுதான்: "கீழே நல்லா ஓடுது, பர்லியார் தாண்டினா ஹீட் ஆகுது." (பர்லியார், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் வரும் ஊர்.) எம்ஜிபி, எம்ஜி மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என எந்தப் பழைய பிரிட்டிஷ் வண்டியானாலும் இதே பேச்சு. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ஹெரால்டிலிருந்து வந்தது, இன்ஜினும் அதே குடும்பம். அதனால் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு பொருந்தும்.

வண்டியைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்" என்று முடிவு கட்டிக்கொண்டே வருகிறார். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அந்த முடிவு சரியாக இருப்பது அபூர்வம். ரேடியேட்டர் மூடி, பெல்ட், ஸ்பார்க் டைமிங், பிளாக்குக்குள் தங்கிய துருச்சேறு, இவற்றில்தான் பெரும்பாலும் வினை இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலிலும், ஹெட் இறக்கும் செலவைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். நடுவில் தாவினால் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்ட பாகத்தோடு ஓட்டுவீர்கள்.

## தொடங்கும் முன்

மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் 94-லும், 2,240 மீட்டர் ஊட்டியில் 92, 93-லும் கொதித்துவிடும். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ரேடியேட்டர் மூடி செய்வதும் குக்கர் வெயிட் செய்கிற வேலையே. 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்) மூடி ஒழுங்காகப் பிடித்தால் ஊட்டியிலும் 105 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது, 10 பி.எஸ்.ஐ. மூடி 110 வரை தாங்கும். மூடி பிடிக்கவில்லை என்றால் 92-லேயே குமிழ் கிளம்பும். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினே ஏற்றத்தில் அந்த வெப்பத்தைத் தொட்டுவிடும். கோயம்புத்தூரில் ஆண்டுக்கணக்காகத் தெரியாமல் கிடந்த மூடிக் கோளாறு மலையில் ஒரே நாளில் வெளிப்படுவது இப்படித்தான்.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸைத் துணியோடு அழுத்திப் பாருங்கள், கல்லுமாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது. ஆறிய பிறகும் தடித்த துணி போட்டு, முதல் பல் வரை மட்டும் திருப்பி, காற்று வெளியேறிய பிறகே முழுதாகத் திறக்கவும். முகத்தைத் தள்ளியே வையுங்கள்.

## அறிகுறி 1: ஏற்றத்தில் வெப்ப முள் ஏறுகிறது, கீழே சரியாக இருக்கிறது

### வழியிலேயே நடந்தால்

முள் மேலே போகத் தொடங்கியதும் ஒரு கியர் குறையுங்கள். பழைய கார்களில் ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜின் சுற்றும் வேகத்துக்குத்தான் சுற்றும். டாப் கியரில் இன்ஜினை முக்க வைத்து ஏறுவதைவிட, மூன்றாம் கியரில் 3,000 சுற்றுக்கு அருகில் இலகுவாக ஏறுவது எவ்வளவோ மேல். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஊதியையும் போடுங்கள். அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். குளிரும் மலையில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

அப்படியும் ஏறினால் வளைவில் நிற்காமல், தாண்டி அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். டயருக்குக் கல் வையுங்கள். இங்கே இரண்டு வழி உண்டு. ஆவி வரவில்லை, தண்ணீர் கொட்டவில்லை என்றால் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து, முள் இறங்குகிறதா என்று ஓரிரு நிமிடம் பாருங்கள். இறங்கினால் நல்லது. ஆவி பீறிட்டால், அல்லது கீழே தண்ணீர் ஓடினால், அந்த நொடியே அணையுங்கள்.

சாலையோரம் ஓடும் குளிர்ந்த ஓடைத் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றுபவர்களை சீசனில் நிறையப் பார்க்கலாம். வார்ப்பிரும்பு ஹெட் வெடிப்பு விட அது ஒன்றே போதும். ஆறவிட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் முறை.

### தண்ணீர் மட்டம்

வீட்டுக்கு வந்து, இரவு முழுக்க ஆறிய பிறகு காலையில் பாருங்கள். ஓவர்ஃப்ளோ பாட்டில் இல்லாத பழைய வண்டிகளில் மட்டம் கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். அந்த இடம் விரிவுக்கு விட்ட இடம். விளிம்பு வரை ஊற்றினால் முதல் ஏற்றத்திலேயே அதிகப்படியைத் தள்ளிவிட்டு அங்கேதான் வந்து நிற்கும். "தினமும் அரை டம்ளர் குடிக்குது" என்று வருகிற வண்டிகளில் பலதுக்கு நோயே இல்லை. ஒரு வாரம் ஊற்றாமல் விட்டுப் பாருங்கள். மட்டம் ஒரே இடத்தில் நின்றால் இந்தச் சந்தேகத்தை மூடிவிடலாம். இறங்கிக்கொண்டே போனால் அறிகுறி 6-க்கோ 7-க்கோ போங்கள்.

### மூடி

மலையில் ஓடும் வண்டிக்கு இதைவிட முக்கியமான மலிவான பாகம் இல்லை. எண் சரியாக இருக்க வேண்டும்: தொடக்க கால எம்ஜிபிக்கு 7, பின்னால் வந்தவற்றுக்கு 10. அதைவிட முக்கியம் நீளம். கழுத்துக்குள் இறங்கும் பகுதி நீளமாகவும் குட்டையாகவும் இரண்டு வகையில் கிடைக்கும். நீளக் கழுத்துக்குக் குட்டை மூடி போட்டால் மேலே நன்றாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளே உட்படிக்கு எட்டவே எட்டாது. புது மூடி போட்டும் கொதிக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். உள்ளே ஒரு விளக்கைப் பிடித்து, ரப்பர் வளையம் அழுந்திய தடம் கழுத்தின் உட்படியில் முழுவட்டமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரப்பர் வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வை நகத்தால் இழுத்து விடுங்கள், துள்ளித் திரும்ப வேண்டும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப் போய்க் கிடந்தால் இந்தச் சிறு வால்வுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதிக எண் உள்ள மூடி போட்டால் கொதிப்பு நிற்குமே என்று சிலர் 15 பி.எஸ்.ஐ. மூடியை மாட்டுகிறார்கள். ஐம்பது வயதான ரேடியேட்டரின் ஈயப் பற்றும் ஹீட்டர் கோரும் அதைத் தாங்காது. கையேட்டில் உள்ள எண்ணே போதும்.

### பெல்ட்

நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டர் அளவு தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் ஏற்றத்தில் வழுக்கும். எப்போதும் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓரம் கண்ணாடிபோல் பளபளத்தால் கத்தாமலே வழுக்கிக்கொண்டிருக்கிறது. ரொம்ப இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் போகும். டிக்கியில் எப்போதும் ஒரு பெல்ட் இருக்கட்டும். உங்கள் வண்டியின் பெல்ட் மேட்டுப்பாளையத்தில் கேட்டதும் எடுத்துத் தரும் சரக்கு இல்லை.

### டைமிங்கும் கலவையும்

தண்ணீர், மூடி, பெல்ட் மூன்றும் சரியாக இருந்தும் முள் ஏறினால் பலர் நேரே ரேடியேட்டரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன்னால், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரியும் சூடு சைலன்சர் பக்கமும் தண்ணீர் பக்கமும்தான் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டரைக் கையால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங்கோடு திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே, வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகள் கிரீஸ் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. வேக்கும் பைப்பின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. பிறகு டைமிங் லைட் வைத்துக் கையேட்டு அளவுக்குச் சரிசெய்யுங்கள்.

காதால் கேட்டு டைமிங் வைப்பதை நம்பாதீர்கள், அதுவும் ஊட்டியில். மேலே காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, டைமிங் முந்தியிருந்தாலும் டக்கடக்கென்ற ஓசை வராது. அதே அளவோடு மேட்டுப்பாளையம் இறங்கி ஏற்றம் தொடங்கினால் கல்லாறிலேயே தட்ட ஆரம்பிக்கும், சூடும் ஏறும்.

கார்புரேட்டரிலும் இதே சிக்கல்தான். மேலே காற்று குறைவதால் கலவை கெட்டியாகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடிவிடும். சைலன்சரில் கரும்புகை கண்டு ஒருவர் ஊட்டியில் பெட்ரோலைக் குறைத்து வைப்பார். அடுத்த முறை வண்டி கோயம்புத்தூர் போய்த் திரும்பும்போது அடிவாரத்தில் கலவை மெலிந்து, ஏற்றத்தின் கீழ்ப்பகுதியில்தான் இன்ஜின் கொதிக்கும். மேலும் கீழும் ஓடுகிற வண்டிக்குக் கீழே வைத்துத்தான் கலவை பார்க்க வேண்டும். மேலே கொஞ்சம் கெட்டியாக ஓடுவதால் பெட்ரோல்தான் கூடுதலாகச் செலவாகும். இப்போது பம்புகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை இன்னும் மெலிக்கும். எஸ்யூ கார்புரேட்டரில் ஜெட்டுக்குக் கீழுள்ள அறுமுக நட்டை ஒரு முகம் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு நீண்ட ஏற்றத்தின் முடிவில் இன்ஜினை அணைத்து, ஆறியதும் பிளக்கைக் கழற்றினால் பதில் தெரியும். வெளிர்பழுப்பு நல்லது, சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெலிவு.

### தெர்மோஸ்டாட்

இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுத்து, பிறகு திறக்கும் வால்வு இது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. மலையில் அதைச் செய்யும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 88 என்று குத்தியிருக்கும் தெர்மோஸ்டாட் 88-ல் திறக்கத் தொடங்கும், முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93-க்கு மேல் ஏறாது. எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அது பாதிதான் திறக்கும். நல்ல தெர்மோஸ்டாட்டை "ஒட்டிக்கிச்சு" என்று இங்கே எத்தனையோ பேர் எறிந்திருக்கிறார்கள். அச்சிட்ட எண்ணுக்கு அருகில் வாய் திறக்கத் தொடங்கினால் அது நல்லதுதான். 82 டிகிரி வகை இந்தப் பக்கத்துக்குப் போதும்.

மாட்டும்போது, அதிலுள்ள சிறு துளையோ ஆடும் ஆணியோ மேல்பக்கம் வர வேண்டும். அங்கேதான் காற்று வெளியேறும்.

### ரேடியேட்டரும் பிளாக்கும்

முதலில் வெளியே: இதழ்களுக்கு நடுவில் பூச்சி, சேறு, காய்ந்த புல். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் பீய்ச்சுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், இதழ்கள் மடங்கிவிடும்.

பிறகு உள்ளே. இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சூடு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சீராக இறங்க வேண்டும். நடுவில் குளிர்ந்த திட்டு தட்டுப்பட்டால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. சந்தேகமிருந்தால் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, மேலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றும் வேகத்துக்கே கீழே கொட்ட வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது பிளாக். ரேடியேட்டரை மட்டும் கழுவிவிட்டு, "கூலண்ட் மாத்தியாச்சு" என்பார்கள். பிளாக்கின் பக்கவாட்டில், எம்ஜிபியில் வலப்பக்கம் பின்னால், ஒரு டிரெயின் டாப்போ பிளக்கோ இருக்கும். அதைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் ஒரு சொட்டும் வராது. கம்பியை உள்ளே விட்டுக் கிளறினால் முதலில் கறுத்த மண்போல் ஏதோ உதிரும், பிறகு செங்கல் நிறத்தில் கூழ் வரும், அதற்கப்புறம்தான் தண்ணீர். அந்தக் கூழ் நாலாம் சிலிண்டரைச் சுற்றித்தான் படிந்திருக்கும். அந்த சிலிண்டருக்குத் தண்ணீரே போய்ச் சேராமல்தான் வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கிறது. ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் தனியே எடுத்துவிட்டு, தோட்டத்து ஹோஸால் ஹெட் பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு, அந்தத் துளையில் தெளிந்து வரும் வரை அலசுங்கள். அரை நாள் ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். ஏற்றச் சூட்டுக்கு இதைவிடப் பலன் தரும் வேலையை நான் பார்த்ததில்லை.

திரும்ப நிரப்ப ஆறு, ஓடைத் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கீழ்ப்பகுதி போர் தண்ணீரின் உப்பு குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு, எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் ஒரு பங்கு. பழைய பித்தளை ரேடியேட்டருக்கு நீலமோ பச்சையோ ஆன பழைய வகைக் கூலண்ட் நல்லது. நிறத்தை மட்டும் நம்பாமல் டப்பாவில் பழைய வகையா என்று படித்துப் பாருங்கள். புது கார்களுக்கான நீண்ட ஆயுள் வகையை இதில் ஊற்ற வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழுகிறது. வெறும் தண்ணீரோடு வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு அந்தக் காலைகள் ஆபத்து.

நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். சரிவுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ரேடியேட்டர் கழுத்து உச்சிக்கு வந்து, உள்ளே சிக்கிய காற்று தானாக வெளியேறும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைக்க மறக்காதீர்கள். வடித்த பழைய கூலண்ட் இனிப்பாக இருக்கும், நாயும் மாடும் நக்கினால் செத்துப்போகும். சாக்கடையில் விட்டால் யாரோ குடிக்கும் ஓடையில்தான் போய்ச் சேரும். கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள்.

### கீழ் ஹோஸ்

வேகமாகச் சுற்றும்போது மட்டும் முள் ஏறினால், ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் இழுப்பில் அது சப்பிப் போகிறதா? உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருத்து உதிர்ந்திருக்கும், அல்லது புதிதாகப் போட்ட ஹோஸில் ஸ்பிரிங்கே இருந்திருக்காது.

### மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்

இத்தனையும் பார்த்த பிறகும் ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முள் சிவப்பைத் தொடுகிறது என்றால், ரேடியேட்டரைக் கோயம்புத்தூருக்குக் கொடுத்துக் கோர் மாற்றச் சொல்லுங்கள். மேல், கீழ் தொட்டிகளை அப்படியே வைத்துச் செம்புக் கோர் மட்டும் மாற்றித் தருவார்கள். அலுமினிய ரேடியேட்டர் வாங்கச் சொல்வார்கள். நல்ல கோர் போட்ட அசல் ரேடியேட்டர் எம்ஜிபிக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் தாராளமாகப் போதும் என்பதே என் முடிவு.

## அறிகுறி 2: நெரிசலில் நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும். ஓடும்போது இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்கு நற்சான்று கொடுத்துவிடலாம். காற்று மட்டும்தான் வரவில்லை.

பெல்ட்டை மேலே சொன்னபடி பாருங்கள். பிறகு ஃபேனை. பம்ப் வேலை முடித்து மாட்டும்போது இறக்கையை முன்பின் மாற்றிப் போடுவது நடக்கிறது. அப்போதும் காற்று வரும், பாதிதான் வரும். ரேடியேட்டர் முகப்பில் ஒரு தாளை வைத்தால் அது இழுத்துப் பிடிக்க வேண்டும். ஃபேனைச் சுற்றிய கூண்டுத் தகடும் ரேடியேட்டர் ஓரத்து ரப்பர், ஃபெல்ட் பட்டைகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா? பெயிண்ட் அடித்தபோது கழற்றிய தகடு திரும்ப ஏறியிருக்காது. முகப்பில் கூடுதல் விளக்கும் கிளப் பேட்ஜும் நிறைத்திருந்தால் சிலவற்றை எடுத்துவிடுங்கள்.

1977-க்குப் பிந்தைய எம்ஜிபி போல எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் ஃபேனுக்கு நேராக பேட்டரி கரண்ட் கொடுங்கள். சுற்றினால் ரேடியேட்டரில் உள்ள சுவிட்சோ ரிலேயோ போயிருக்கிறது. சுற்றாவிட்டால் மோட்டார். வயரிங் கருகிய வாசனை இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஃபியூஸைப் பெரிதாக்காதீர்கள்.

## அறிகுறி 3: ஓடும்போது சரி, நிறுத்தியதும் தண்ணீரைத் துப்புகிறது

நீண்ட ஏற்றம் முடிந்த கையோடு சாவியைத் திருப்பினால் பம்ப் நின்றுவிடும், ஹெட்டில் உள்ள சூடு நிற்காது. இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். அதன் பிறகும் துப்பினால் மூடிதான். மூடி புதிது, நீளம் சரி, மட்டம் சரி, அப்படியும் துப்புகிறது என்றால் அறிகுறி 7-க்குப் போங்கள்.

நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது வேறு கோளாறு. பெட்ரோல் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். அடிக்கடி நடந்தால், கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 4: முள் ஏறவே இல்லை

குளிர் ஊரில் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். நல்லதே இல்லை. பெரும்பாலும் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். சூடு பிரச்சினைக்கு இதை மருந்தாகச் சொல்லும் பட்டறைகளை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தெர்மோஸ்டாட் இன்ஜினின் குறைந்தபட்ச வெப்பத்தைத்தான் தீர்மானிக்கிறது. அது முழுதாகத் திறந்த பிறகும் கொதிக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கழற்றிய வண்டி ஊட்டிக் குளிரில் சோக் போட்டபடியே ஓடும். பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும், சுவர் தேயும், ஆயில் கூழாகும்.

மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டெனச் சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி நின்றுவிட்டது. நீண்ட இறக்கத்தில் முள் தாழ்வது மட்டும் இயல்பு.

## அறிகுறி 5: முள்ளை நம்ப முடியவில்லை

வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே ஏறினால் இன்ஜினைத் தொடாதீர்கள். மீட்டருக்குப் பின்னாலுள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போயிருக்கிறது, அல்லது அதன் எர்த் விட்டிருக்கிறது. ஸ்பிட்ஃபயரிலும் பிந்தைய எம்ஜிபியிலும் இது சகஜம். சென்சார் வயர் கழன்றால் முள் குளிரிலேயே கிடக்கும், வயர் உடம்பில் உரசினால் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

தொடக்க கால எம்ஜிபியில் வயர் கிடையாது, மெல்லிய செம்புக் குழாய் ஹெட்டிலிருந்து மீட்டர் வரை ஓடும். அதற்குள் ஆவியாகும் திரவம் அடைத்திருக்கிறது. குழாய் மடங்கியோ ஒடிந்தோ போனால் வீட்டில் சரிசெய்ய முடியாது, மீட்டர் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். ஹெட் வேலை செய்பவரிடம் இந்தக் குழாயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தெரியாமல் முறுக்கிவிடுவார்கள்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் பிடித்தால் முள் சொல்வது மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். பளபளக்கும் உலோகத்தில் தவறாகக் காட்டும், ஒரு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள்.

## அறிகுறி 6: தண்ணீர் குறைகிறது, ஒழுகல் தெரிகிறது

இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரியுங்கள், காலையில் சொட்டு எங்கே என்று பாருங்கள். ஹோஸ் முனைகளில் இருந்தால் கிளிப்பை இறுக்குங்கள். ஹோஸைக் கிள்ளினால் வெடிப்பு தெரிந்தாலோ, மாவுபோல் நசுங்கினாலோ எல்லா ஹோஸ்களையும் ஒன்றாக மாற்றுங்கள். மிட்ஜெட்காரர்கள் ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள கட்டைவிரல் நீளக் குட்டி ஹோஸை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது, மாற்றுவதும் சிரமம், ஒழுகுவதில் அதுதான் முதல்.

பம்பின் அடிப்பக்கச் சிறு துளையிலிருந்து சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போகும். ஃபேன் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒழுகாவிட்டாலும் பம்பை மாற்றுங்கள், ஏற்றத்தில் பேரிங் விட்டால் இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துவிடும். காலடிப் பாயில் ஈரமும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் கோர். பிளாக்கின் பக்கத்தில் வட்டத் தகட்டைச் சுற்றித் துருக்கோடு இருந்தால் கோர் பிளக். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாலும் அதைத் தட்டி ஏற்றுவது மெக்கானிக் வேலை.

ரேடியேட்டரில் மஞ்சள் பொடியும் முட்டை வெள்ளையும் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒழுகலோடு சேர்த்து நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

## அறிகுறி 7: தண்ணீர் குறைகிறது, ஒழுகல் எங்கும் இல்லை

இப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கேயும் மலை இரண்டு பொய்ச் சாட்சிகளைக் கொண்டுவரும்.

முதலாவது, ஆயில் மூடிக்கு அடியில் படியும் வெளிர்மஞ்சள் வெண்ணெய். கீழே அது கேஸ்கெட் போனதற்கான அடையாளம். இங்கே மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் நல்ல வண்டியிலும் படியும், ஈரம் ஆவியாகும் அளவுக்கு இன்ஜின் சூடாகாததால். துடைத்துவிட்டு, கோத்தகிரி வரை ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் பயமில்லை. டிப்ஸ்டிக்கிலும் பால்கலந்த காபி நிறம் இருந்தால் ஓட்டாதீர்கள், பேரிங்குகள் போய்விடும்.

இரண்டாவது, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் மீட்டர் வைத்து அளக்கும் அழுத்தம். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கையேட்டில் 160 பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தால் இங்கே 120-ஐ ஒட்டித்தான் காட்டும். அதைப் பார்த்து இன்ஜின் வேலை சொல்லும் பட்டறையை நம்பாதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

மெய்ச் சாட்சிகள் வேறு. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்ததும், சூடேறும் முன்பே கழுத்தில் குமிழ் விடாமல் வருகிறதா? சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? காலைப் பனியில் எல்லா வண்டியும் வெள்ளையாக விடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நான்கு பிளக்கில் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருக்கிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்தால் சந்தேகமில்லை, வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஹெட் இறங்கியதும் மெக்கானிக்கிடம் மூன்று கேளுங்கள்: ஹெட்டின் அடிமட்டத்தை நேர்கோல் வைத்துப் பார்த்தாரா, வெடிப்பு சோதனைக்குக் கொடுத்தாரா, பிளாக்கின் பின்பக்கச் சேறு எடுத்தாரா. மட்டம் வளையாத ஹெட்டைச் சும்மா லேத்தில் கொடுத்துச் சீவ விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஹெட் மெலியும், கம்ப்ரஷன் கூடும். நட்டுகளைக் கையேட்டு வரிசைப்படி, நடுவிலிருந்து வெளிநோக்கி, டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்க வேண்டும். எம்ஜிபிக்கு அது 45 முதல் 50 பவுண்டு-அடி. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, கேஸ்கெட் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், ஆறிய இன்ஜினில் நட்டுகளை மறுபடி பார்த்து, டேப்பட் இடைவெளியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை கல்லட்டிப் பக்கம் போகாமல் குன்னூர், ஊட்டிக்குள்ளேயே ஓட்டுங்கள்.